‘அது எங்க ஸ்கோப்ல இல்ல, அண்ணா’



உங்களில் பாதிப் பேராவது லண்டன், டொராண்டோ, சிட்னி, பாரிஸ் என்று ஏதோ ஓர் ஊரில் ஒரு பெரிய கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்கள். வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வரும். ‘நமது ஆராய்ச்சிக் குழுவின் புதிய கண்டுபிடிப்புகளைக் காட்சிக்கு வைக்கிறோம், ஊழியர்கள் அனைவரும் வருக, மதிய உணவு உண்டு.’ நம் தோழர்கள் பலர் அதைப் படிக்காமலே அழித்துவிடுவார்கள். அது முதலாளியின் திருவிழா, அங்கே நமக்கென்ன வேலை என்பார்கள்.

நான் அதற்கு மாறாகச் சொல்ல வருகிறேன். போங்கள். சாப்பாட்டுக்காகவாவது போங்கள். நாளைக்குத் தொழிலாளியின் தலைமேல் வந்து உட்காரப்போகும் எந்திரம் இன்னும் மேசைமேல் இருக்கும்போதே, அதைச் செய்தவர் பக்கத்திலேயே நின்று பதில் சொல்லும் ஒரே நாள் அதுதான். ஆர்டர் போட்டு சைட்டுக்கு வந்துவிட்ட பிறகு கேள்வி கேட்க ஆள் கிடைக்காது. மேனுவல்தான் கிடைக்கும்.

நான் எழுதுவது குவைத்தின் அப்பாசியாவிலிருந்து. தெரியாதவர்களுக்கு: விமான நிலையத்துக்கு அருகே, ஜிலீப் அல் ஷுயூக் பகுதிக்குள் இருக்கும் நெரிசலான இடம். மலையாளக் கடைகளுக்கு நடுவே தமிழும் தெலுங்கும் வங்காளமும் கேட்கும். நர்சுகள், டிரைவர்கள், கடைப் பையன்கள், சைட்டுக்குப் போகிறவர்கள், என்னைப்போல ஏசி ஆபீசில் உட்காருகிறவர்கள் எல்லாரும் ஒரே கட்டடத்தின் வெவ்வேறு மாடிகளில் இருப்போம். நான் ஒரு காண்ட்ராக்டிங் கம்பெனியில் டாக்குமென்ட் கண்ட்ரோலர். டிராயிங், டைம்ஷீட், விபத்து அறிக்கை எல்லாம் என் கையைத் தாண்டித்தான் ஃபைலுக்குப் போகும். என் பெயரும் கம்பெனி பெயரும் இதில் இல்லை. ஏன் என்று இந்த மடலைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கம்பெனியின் கண்காட்சி ஒரு ஓட்டல் ஹாலில் நடந்தது. ஆபீஸ் ஊழியர்களுக்கு அழைப்பு. சைட் ஆட்களுக்கு இல்லை, அவர்களுக்கு அன்று வேலை நாள். எட்டு மேசை போட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், ஆறு மேசையில் இருந்தது சைட் ஆட்களின் உடம்பைப் பற்றிய சாமான். ஹெல்மெட் போடாதவரைக் கண்டுபிடிக்கும் கேமரா. அதே கேமராவில், வேலை செய்யாமல் நிற்கும் நேரத்தைக் கணக்கெடுக்க இன்னொரு வசதி. முகம் பார்த்து வருகை போடும் எந்திரம். பஸ் டிரைவர் கண் அயர்ந்தால் சத்தம் போடும் கருவி. இப்படி.

அதிகக் கூட்டம் கையில் கட்டும் ஒரு பட்டையைச் சுற்றித்தான். தோலின் சூடு, நாடித்துடிப்பு இரண்டையும் அளந்து, பெரிய திரையில் ஒவ்வொரு ஆளையும் ஒரு புள்ளியாகக் காட்டும். பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து. சும்மா சொல்லக் கூடாது, வேலை சுத்தமாக இருந்தது. காட்டிக்கொண்டிருந்தது நம்ம திருச்சிப் பக்கத்துப் பையன், இஞ்சினியர். நான் கேட்டேன்.

“தம்பி, சிவப்பு வந்தா யாருக்குத் தெரியும்?”

“போர்மேனுக்கும் சேஃப்டி ஆபீசருக்கும் மெசேஜ் போகும், அண்ணா.”

“கட்டியிருக்கிறவருக்கு?”

“அவருக்கு டிஸ்ப்ளே கிடையாது. பயந்துடுவாங்கன்னு எடுத்துட்டோம். பேட்டரியும் மிச்சம்.”

“போர்மேன் அந்த நேரம் கான்கிரீட் போட்டுக்கிட்டிருந்தா, ஆளை உட்கார வைப்பாரா?”

“அது சைட் முடிவு.”

“உட்கார்ந்தா அந்த மணி நேரத்துக்குச் சம்பளம்?”

“அது எச்.ஆர்.”

“மாசத்துல நாலு தடவை சிவப்பு வந்தவரை அடுத்த வருஷம் வேலைக்கு வெச்சுக்குவாங்களா?”

பையன் கொஞ்சம் யோசித்தான். “அது எங்க ஸ்கோப்ல இல்ல, அண்ணா.”

நக்கலாகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னான். அவனுக்குக் கொடுத்த தாளில் ‘வெப்பத்தால் வேலை நேரம் வீணாவதைக் குறைக்க ஒரு கருவி’ என்று எழுதியிருந்தது. அதற்கு அவன் நல்ல விடை கண்டுபிடித்திருக்கிறான். ‘வெயிலில் வேலை செய்கிறவர் சாகாமல் வீடு திரும்ப என்ன வேண்டும்’ என்று அந்தத் தாளில் எழுதியிருந்தால் வேறு விடை வந்திருக்கும். தொழில்நுட்பத்தின் அரசியல் சிப்புக்குள்ளே இல்லை, அந்த முதல் வரியில் இருக்கிறது. அதை எழுதுகிறவர் கண்காட்சிக்கு முன்பே எழுதிவிடுகிறார். நாம் கண்காட்சியில் பார்ப்பது அந்த வரியின் விளைச்சலை.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. உலக வானிலை அமைப்பு அதைச் சரிபார்த்து ஏற்றிருக்கிறது. பூமியில் நம்பகமாக அளக்கப்பட்ட மிக உயர்ந்த வெப்பங்களில் அது ஒன்று. இங்கே ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணிவரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் அது பார்ப்பது கடிகாரத்தை. உடம்பு கடிகாரம் பார்ப்பதில்லை. வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடல் ஈரம் ஏறிய ஆகஸ்ட் மாலை ஐந்து மணிக்கு வேர்வை காயாது. வெறும் டிகிரியைப் பார்த்தால் மதியத்தைவிடக் குறைவாக இருக்கும், ஆனாலும் ஆள் விழுவார்.

வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் அளவீடு 1950-களிலேயே வந்துவிட்டது. அமெரிக்க மரைன் வீரர்கள் பயிற்சி முகாம்களில் வெயிலில் சுருண்டு விழுந்ததால் அமெரிக்கக் கடற்படைக்காகக் கண்டுபிடித்தார்கள். சிப்பாய் செத்தால் போர் நடக்காதே! பக்கத்தில் கத்தாரில் 2021 முதல், அந்த எண் 32.1-ஐத் தாண்டினால் எந்த மணியானாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. உலகக் கோப்பை வேலைகளில் இறந்தவர்களைப் பற்றி உலகம் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்த பிறகு வந்த விதி. அதே கத்தாரில்தான் தொழிலாளிகளுக்குக் குளிரூட்டும் ஹெல்மெட்டும் ஆராய்ச்சியில் செய்து காட்டினார்கள். ஹெல்மெட்டுக்குக் கிடைத்த கைதட்டல் விதிக்குக் கிடைக்கவில்லை. நிற்கச் சொல்லும் அதிகாரம் விதியில்தான் இருக்கிறது.

இன்னொன்று. வெயிலுக்குப் புதிதாக வருகிற உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். அதனால் புது ஆளுக்கு முதல் நாள் 20 சதவீத வேலை மட்டும் கொடு, பிறகு நாளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதற்குப் பட்டையும் வேண்டாம், திரையும் வேண்டாம். வேலைக்கு வந்த தேதியும் ஒரு டைம்ஷீட்டும் போதும். டைம்ஷீட் என் மேசையில்தான் கிடக்கிறது. எட்டு மேசையில் ஒன்றில்கூட இது இல்லை. ஏனென்றால் இதில் செலவாவது கம்பெனியின் நேரம்.

விலை மலிவான விடைகள் இப்படித்தான் ஹாலுக்கு வெளியே நிற்கும். 2024 ஜூன் 12 விடியற்காலை மங்காஃபில் தொழிலாளர் தங்கிய கட்டடம் எரிந்தது. இறந்த ஐம்பது பேர் அளவில் 45 பேர் இந்தியர்கள், அவர்களில் 7 பேர் தமிழ்நாடு. காவலாளி அறையில் மின்கசிவு என்றது குவைத் தீயணைப்புத் துறையின் விசாரணை. அறைகளைப் பிரிக்க வைத்த தடுப்புகள் எளிதில் தீப்பிடிப்பவை. மொட்டைமாடிக் கதவு பூட்டிக் கிடந்ததால் மேலே ஓடவும் வழியில்லாமல் புகையில் மூச்சடைத்துச் செத்தார்கள். அதற்குப் பிறகு பாதுகாப்பு என்ற சொல் இங்கே எல்லாக் கண்காட்சியிலும் பேனரில் இருக்கிறது. பூட்டைத் திறந்து வைக்க எந்த ஆராய்ச்சியும் தேவையில்லை, தோழர்களே.

‘தகவல் சேகரிப்பதே பாதுகாப்பு’ என்ற பேச்சை அப்பாசியா ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து ஜூலை வரை ஜிலீப்பையும் மஹ்பூலாவையும் கொரோனாவுக்காக முழுசாக அடைத்து வைத்தார்கள். அந்தக் காலத்தில் வீட்டுத் தனிமையில் இருந்தவர்களைக் கண்காணிக்க ‘ஷ்லோனிக்’ என்ற செயலி வந்தது. குவைத் அரபியில் ‘எப்படி இருக்கே’ என்று அர்த்தம். அந்த ஜூனில் ஆம்னெஸ்டி பல நாட்டுக் கொரோனாச் செயலிகளை ஆராய்ந்து, மிக மோசமாக ஊடுருவுகிறவை என்று மூன்றைச் சொன்னது. குவைத்தின் ஷ்லோனிக், பஹ்ரைனின் ஒரு செயலி, நார்வேயின் ஒரு செயலி. மூன்றும் ஆள் இருக்கும் இடத்தை உடனுக்குடன் மைய சர்வருக்கு அனுப்பின.

நார்வேயில் தகவல் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டது, செயலியை நிறுத்தினார்கள், சேர்த்த தகவலை அழிப்பதாகவும் அறிவித்தார்கள். மென்பொருளில் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே குடிமகன் ‘முடியாது’ என்று சொல்ல ஒரு வாசல் இருந்தது. குவைத் தொழிலாளர் சட்டம் சங்கம் அமைக்கும் உரிமையைக் குவைத்தியருக்குத்தான் எழுதி வைத்திருக்கிறது. எங்கள் இக்காமா முதலாளியின் பெயரோடு கட்டியிருக்கிறது. அப்படியிருக்கும் கையில் கட்டும் பட்டை, காப்பா விலங்கா என்பதை முடிவு செய்வது அதற்குள் இருக்கும் சென்சார் இல்லை.

அப்படியானால் தொழில்நுட்பமே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லவில்லை. நமக்கு நல்ல முன்னோடி இருக்கிறது. 1970-களில் பிரிட்டனில் லூகாஸ் ஏரோஸ்பேஸ் கம்பெனி ஆட்குறைப்புக்குத் தயாரானது. போர் விமான உதிரிகள் செய்த கம்பெனி. தொழிலாளர் பிரதிநிதிகள் வெறுமே ‘வேலையைப் பறிக்காதே’ என்று கத்தவில்லை. நம் திறமையையும் இதே எந்திரங்களையும் வைத்துச் சமூகத்துக்கு என்ன செய்யலாம் என்று முதலில் வெளி நிபுணர்களுக்கு எழுதிக் கேட்டார்கள். மிகச் சிலரே பதில் போட்டார்கள். பிறகு பட்டறையில் நிற்கும் தங்கள் தோழர்களிடமே கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். 1976-இல் சுமார் 150 பொருள்களின் திட்டம் தயாரானது. சிறுநீரக எந்திரங்கள், வெப்ப பம்புகள், சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி. இன்று பருவநிலை மாநாடுகளில் பேசும் சாமானை அன்றே எழுதி வைத்தார்கள். கம்பெனி ஏற்கவில்லை. முன்னணியில் நின்ற இஞ்சினியர் மைக் கூலியை 1981-இல் வேலையைவிட்டு அனுப்பியது. ஆனாலும், ஸ்கோப்பை யார் எழுதுவது என்ற கேள்வியை அவர்கள்தான் முதலில் பட்டறையிலிருந்து கேட்டார்கள்.

அதன் சின்ன உருவம் ஒன்றை நாங்களும் செய்து பார்த்தோம். கண்காட்சிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை அந்தத் திருச்சித் தம்பியை எங்கள் கட்டடத்துக்கு டீக்குக் கூப்பிட்டேன். வந்தான். மூன்றாம் மாடியில் நாலு சைட் ஆட்கள் உட்கார்ந்தோம். பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்த எலக்ட்ரீசியன் ஒருவர், “இத எனக்குக் காட்டுனா நானே நிழலுக்குப் போயிடுவேன். போர்மேனுக்குக் காட்டுனா எனக்கு எதுக்கு இது?” என்றார். கம்பி கட்டும் புதுக்கோட்டை அண்ணன் சொன்னது வேறு. “தம்பி, பாத்ரூம் எங்க இருக்குன்னு பாத்திருக்கியா? போய்ட்டு வர இருபது நிமிஷம். போனா திட்டு. அதனால நான் தண்ணி குடிக்கிறதே கம்மி. இத உன் மிஷின் கண்டுபிடிக்குமா?”

தம்பி நோட்டுப் புத்தகம் எடுத்து எழுதிக்கொண்டான்.

அந்த அண்ணன் சொன்னது ஊரிலும் தெரிந்த கதை. தமிழ்நாட்டு உப்பளங்களில் வெயிலும் சிறுநீரகமும் பற்றிச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபாலும் உடனிருப்பவர்களும் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். கழிப்பறை இல்லாத வேலையிடத்தில் பெண்கள் தண்ணீரைக் குறைத்துக்கொள்வதையும் அதன் விளைவையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். கருவி ‘உடம்பில் நீர் குறைவு’ என்று சிவப்புக் காட்டும். காரணம் இருபது நிமிஷத் தூரத்தில் இருக்கும் கக்கூஸ். ஜவுளிக்கடைப் பெண்களுக்கு உட்காரும் உரிமையைத் தமிழ்நாடு 2021-இல் சட்டமாக்கியபோது கிடைத்தது ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலை எந்தக் கண்காட்சியிலும் வைக்க மாட்டார்கள். கால் வீங்கியவர்களைக் கேட்டதால் வந்த ஸ்டூல் அது.

இனி உங்கள் எதிர்க்கேள்வி. ‘கண்காட்சி ஒரு நாடகம். நாம் போய்க் கேள்வி கேட்டால் அந்த நாடகத்துக்கு ஜனநாயக வேஷம் போட்டுக் கொடுக்கிறோம்.’ பாதி உண்மை. அதனால்தான் சிலர் கேள்வியோடு நிற்காமல் மேடையையே மறித்தார்கள். 2025 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட்டின் 50-ஆம் ஆண்டு விழாவில், இஸ்ரேல் ராணுவத்துக்குக் கம்பெனி கொடுக்கும் தொழில்நுட்பத்தை எதிர்த்து இப்திஹால் அபூசாத், வானியா அகர்வால் என்ற இரண்டு ஊழியர்கள் எழுந்து நின்று குரல் கொடுத்தார்கள். ஒருவரை நீக்கினார்கள். ஏற்கெனவே ராஜினாமா எழுதிக் கொடுத்த இன்னொருவரை உடனே வெளியே அனுப்பினார்கள். அந்த செப்டம்பரில், பத்திரிகைப் புலனாய்வு ஒன்று வெளியான பிறகு, இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒரு பிரிவுக்குக் கொடுத்துவந்த சில சேவைகளை அதே கம்பெனி நிறுத்தியது. வெளியே பத்திரிகையும் இயக்கமும், உள்ளே ஊழியர்களும் சேர்ந்து தள்ளியதால் நகர்ந்தது என்றுதான் நான் பார்க்கிறேன்.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சியாட்டிலில் வேலை போவதும் குவைத்தில் வேலை போவதும் ஒன்றில்லை. இங்கே வேலையோடு விசாவும் போகும், அறை போகும், ஊரில் வட்டிக்கு வாங்கிய ஏஜென்ட் பணம் மட்டும் போகாது. எனவே எல்லாரும் மேடையில் ஏறுங்கள் என்று நான் எழுத மாட்டேன். பாஸ்போர்ட் பலம் உள்ளவர்கள் அதிகமாகக் கேளுங்கள். இல்லாதவர்கள் சந்தேகம் கேட்பதுபோல அமைதியாகக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். வளைகுடாவில் ஓடும் மென்பொருளில் பலவும் உங்கள் ஊர் ஆபீசில்தான் எழுதப்படுகிறது. எங்களுக்குக் கிடைக்காத ஸ்கோப் தாள் உங்கள் மேசைக்கு வருகிறது.

கேட்க வேண்டியது மூன்றுதான். முதலாவது, இந்தக் கருவி சேர்க்கும் தகவல் யாருக்குப் போகிறது, எவ்வளவு காலம் இருக்கும், அணிகிறவர் அதைப் பார்க்கவும் அழிக்கச் சொல்லவும் முடியுமா? இரண்டாவது, ஆபத்து என்று காட்டினால் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, நிறுத்திய நேரத்துக்குச் சம்பளம் உண்டா? மூன்றாவது, இதைச் செய்வதற்கு முன் இதை அணியப் போகிறவரிடம் கேட்டீர்களா, அவர் சொன்ன மலிவான விடை எதையாவது தள்ளிவிட்டு இதைச் செய்தீர்களா? மூன்றுக்கும் ‘எங்கள் ஸ்கோப்பில் இல்லை’ என்று பதில் வந்தால் அது தோல்வி இல்லை. அந்தக் கம்பெனி எதைத் தன் பொறுப்பாக நினைக்கவில்லை என்பதற்கு எழுத்துபூர்வமான சாட்சி உங்கள் கையில் இருக்கிறது. சங்கம் உள்ள இடத்தில் அது பேச்சுவார்த்தைக்கான முதல் தாள்.

எங்கள் கம்பெனியில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். பட்டையின் அடுத்த பதிப்புக்கான குறிப்பு என் கைக்கு ஃபைலுக்காக வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது: ‘அணிபவருக்கும் எச்சரிக்கை காட்டுவது பரிசீலனையில்.’ அவ்வளவுதான். சம்பளம் பற்றி ஒன்றும் இல்லை. பாத்ரூம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியை எழுதியவர் முதலாளி இல்லை, மூன்றாம் மாடி எலக்ட்ரீசியன். அவருக்கே அது தெரியும், நாங்கள் சொல்லிவிட்டோம். இப்போது பாத்ரூமைப் பற்றி எப்படிக் கேட்பது என்று அவர்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கம்பெனியின் அழைப்பு மெயில் வந்தால் அழிக்காதீர்கள். போய்விட்டு வந்து, கிடைத்த பதில்களை இந்த மடலுக்கு எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம், கருவி என்ன, பதில் என்ன என்பது போதும். சேர்த்து வைப்போம்.

தோழமையுடன்,
அப்பாசியாவிலிருந்து ஒரு தோழர்